மஞ்சள் ஏறும் மூன்றாம் நாள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். இரண்டாவது பிரசவம். முதல் பேரன் மூன்று ஆண்டுகளுக்கு முன் சிசேரியனில் பிறந்தான். பிறந்த மறுநாளே மஞ்சள் காமாலை என்று சொல்லி மூன்று நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். பெற்றவள் பக்கத்து அறையில் அழுதுகொண்டே கிடந்தாள். இப்போது அவன் நன்றாக ஓடி விளையாடுகிறான். மகளுக்கு ரத்தம் ஓ பாசிட்டிவ், மருமகனுக்கு பி பாசிட்டிவ். சொந்தத்தில்தான் கொடுத்தோம்; மருமகன் என் நாத்தனார் மகன். போன மாதம் மகளுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி உணவுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். இந்தக் குழந்தைக்கும் மஞ்சள் காமாலை வருமா? வந்தால் காலை வெயிலில் காட்டினால் போதாதா, மறுபடியும் விளக்கில் வைக்கத்தான் வேண்டுமா? ஒரு சங்கு கழுதைப்பால் ஊற்றினால் காமாலை அண்டாது என்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு வேறு என்னென்ன நோய்கள் வரும் என்றும் சொல்லுங்கள். ஜோசியர் ஆபரேஷனுக்கு ஒரு நல்ல நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு 37 வாரம் முடிந்திருக்கும். முதல் பேரனின் சின்னத் துணிகளைப் பூச்சி அரிக்காமல் உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம்.

- ஒரு பாட்டி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றைவிட, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விவரங்கள் எனக்குப் பெரிதாகப் பட்டன. மகள் ஓ, மருமகன் பி, முதல் பேரனுக்கு மறுநாளே மஞ்சள், இப்போது சர்க்கரை, 37 வாரத்தில் ஆபரேஷன், டிரங்குப் பெட்டியில் உருண்டை. இத்தனையும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. அதனால் முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்தக் குழந்தைக்கும் மஞ்சள் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதற்காக இப்போதே கலங்க வேண்டாம். வரும் என்று தெரிந்து காத்திருந்தால் அதைச் சமாளிக்க எங்களிடம் நல்ல வழி இருக்கிறது. வீட்டில் ஒருவரும் கவனிக்காமல் ஏறிவிடும் மஞ்சளைக் கண்டுதான் எனக்குப் பயம்.

நம் வீடுகளில் பாதிக் குழப்பம் 'காமாலை' என்ற பெயரால் வருகிறது. பெரியவர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் கல்லீரல் நோவால் வருவது. கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம் எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்த பழக்கங்கள். பிறந்த குழந்தையின் மஞ்சள் வேறு வழியில் வருகிறது. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சுக்காற்று தாயின் ரத்தம் வழியாகத்தான் கிடைக்கிறது. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ள அதன் உடம்பில் சிவப்பணுக்கள் ஏராளமாக இருக்கும். வெளியே வந்து தானாக மூச்சு விட ஆரம்பித்த பிறகு அத்தனை தேவையில்லை. அந்த அணுக்களுக்கு ஆயுளும் குறைவு. நம் சிவப்பணு 120 நாள் வாழும் என்றால் குழந்தையுடையது 80, 90 நாள்தான். அணு உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ முதல் சில நாட்கள் மந்தமாகவே வேலை செய்கிறது. வரவு அதிகம், செலவு குறைவு என்று ஆகும்போது மிச்சம் தோலில் மஞ்சளாகத் தெரிகிறது. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும் குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் இது வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். தாய் சாப்பிட்ட சோற்றாலோ குழம்பில் போட்ட மஞ்சள்தூளாலோ இது வருவதில்லை. ஆகவே மகளை ரசம் சாதத்தில் பட்டினி போடாதீர்கள்.

ஆனால் உங்கள் முதல் பேரனுக்கு வந்தது இந்தச் சாதாரண வகை என்று எனக்குத் தோன்றவில்லை. சாதாரண மஞ்சள் இரண்டாம் நாள் கடைசியிலோ மூன்றாம் நாளோ தலைகாட்டி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதை எந்தக் குழந்தை மருத்துவரும் இயல்பு என்று விடமாட்டார். அணுக்கள் வழக்கத்தைவிட வேகமாக உடைகின்றன என்பதற்கு அது அடையாளம். ஏன் உடைகின்றன என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஓ வகைத் தாயின் ரத்தத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் இயற்கையாகவே இருக்கும். அவற்றில் ஒரு பகுதி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் போய்விடும். குழந்தை பி வகையாக இருந்தால் அதன் சிவப்பணுக்களை அவை தாக்கும். உங்கள் மகள் செய்த தவறோ, அவள் உடம்பில் உள்ள நோயோ இதற்குக் காரணமில்லை. அவள் அன்று அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்மார்களுக்கு ஆன்டி-டி ஊசி போடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1968-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஊசி ஆர்எச் பொருத்தமின்மையால், அதாவது தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று இருப்பதால் வந்த சாவுகளைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஓ வகைத் தாய்க்கும் பி வகைக் குழந்தைக்கும் இடையே நடப்பதைத் தடுக்க அப்படி ஓர் ஊசி இல்லை. ஆர்எச் அளவுக்கு இது கடுமையாகவும் இருப்பதில்லை. தடுக்க முடியாது, ஆனால் முன்கூட்டியே கணிக்க முடியும். ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் நாத்தனாருக்கும் அவருடைய கணவருக்கும் என்ன ரத்த வகை என்று கேளுங்கள். இருவரில் ஒருவர் ஓ என்றால், உங்கள் மருமகனிடம் ஓ மரபணு ஒன்று நிச்சயம் ஒளிந்திருக்கிறது. அப்படியானால் இந்தக் குழந்தை பி ஆகவும் இருக்கலாம், ஓ ஆகவும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ஓ ஆகப் பிறந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. பி ஆகப் பிறந்தால், அண்ணனுக்கு வந்தது தம்பிக்கோ தங்கைக்கோ மறுபடியும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் நடப்போம்.

முதல் பேரனின் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். அதில் அவனுடைய ரத்த வகை, பிலிருபின் எவ்வளவு ஏறியது, கூம்ஸ் பரிசோதனை (தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுவில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்களா, ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) பார்த்தார்களா என்று இருக்கும். அந்தத் தாளை மகளின் தாய் சேய் நலப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஆபரேஷனுக்குச் சேரும் அன்று மகப்பேறு மருத்துவரிடம் மட்டும் காட்டினால் போதாது. குழந்தையைப் பார்க்கப்போகும் மருத்துவரிடமும் காட்டி, "முதல் பிள்ளைக்கு மறுநாளே மஞ்சள் வந்தது, தாய் ஓ, தகப்பன் பி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தொப்புள்கொடி ரத்தத்திலேயே குழந்தையின் ரத்த வகையையும் கூம்ஸ் பரிசோதனையையும் பார்த்துவிடலாம். குழந்தைக்கு ஓர் ஊசிக் குத்தல்கூட இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாததால் இரண்டு நாள் வீணாய்ப் போன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வெயில். உங்கள் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த வைத்தியமே வெயிலில்தான் பிறந்தது. 1950-களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்ட் பொது மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்துக்குத் தூக்கிச் சென்று வெயில் படும்படி வைப்பார். ஒருநாள் அவர் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. துணியால் மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் மறந்து வைத்த ரத்தக் குழாய் ஒன்றிலும் பிலிருபின் அளவு குறைந்திருந்ததைக் கண்டார்கள். ரிச்சர்டு கிரீமரும் அவருடன் இருந்தவர்களும் அதைப் பின்தொடர்ந்து விளக்கொளிச் சிகிச்சையை உருவாக்கி 1958-இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் கண் கண்ட விஷயம் இன்று உலகம் முழுவதும் குழந்தைகளின் மூளையைக் காத்துக்கொண்டிருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அப்படியானால் வெயிலே போதுமே என்று கேட்பீர்கள். பிலிருபினை மாற்றுவது ஒளியில் உள்ள நீலப் பகுதி, ஏறத்தாழ 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள அலைகள். அந்த ஒளி தோலுக்குள் போய்ப் பிலிருபினின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. உருவம் மாறிய பிலிருபின், கல்லீரல் பக்குவப்படுத்தக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். விளக்கில் அந்த ஒளியை அளந்து, உடம்பு முழுவதும் படும்படி, இரவும் பகலும் கொடுக்கிறோம். காலை வெயிலில் நீங்கள் காட்டக்கூடியது பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அதுவும் துணியில் சுற்றி, முகமும் காலும் மட்டும் தெரிய. பலன் கிடைக்கும் அளவுக்குத் துணியில்லாமல் நீண்ட நேரம் போட்டால், தென்காசியில் எட்டு மணி வெயிலுக்கே குழந்தையின் உடல் சூடேறி நீர் வற்றிவிடும். மார்கழிக் காலையில் குளிர்ந்துவிடும். புற ஊதாக் கதிர்கள் தோலைச் சுடும். நைஜீரியாவில் மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்காக, கெட்ட கதிர்களை வடிகட்டும் தாளைக் கூரையாகப் போட்டு அதன் கீழே குழந்தைகளை வைத்துப் பார்த்து, அது பலன் தருவதாக 2015-இல் எழுதினார்கள். அங்கும் குழந்தையின் உடல் சூட்டை அடிக்கடி பார்த்துக்கொண்டு, ரத்தத்தையும் சோதித்துக்கொண்டுதான் செய்தார்கள். முற்றத்து வெயில் அதற்கு ஈடாகாது. அதைவிடப் பெரிய கெடுதல், "வெயிலில் காட்டுகிறோமே" என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குப் போகாமல் கழியும் நாட்கள்.

எந்த அளவில் விளக்கில் வைப்பது என்பதற்கு ஒரே எண் கிடையாது. பிலிருபின் அளவு 15 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம்) என்று வந்தால், 39 வாரத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் நான்கு நாள் குழந்தையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதே 15, அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் 36 வாரக் குழந்தைக்கு இரண்டாம் நாளே வந்தால், அந்த நிமிடமே விளக்கு வேண்டும். ரத்தம் மாற்றவும் ஆயத்தமாக வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு 16 இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்ற பேச்சு அதனால்தான் உங்களுக்குப் பொருந்தாது. விளக்கில் இருக்கும்போதும் தாய்ப்பால் நிற்கக் கூடாது. கண்ணுக்குக் கட்டு, இடுப்பில் டயப்பர், மற்றபடி வெறும் உடம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். மலம் பச்சையாக, தண்ணீராகப் போகும், பயப்பட வேண்டாம். மகளைப் பக்கத்து அறையில் அழவிடாமல், விளக்கின் அருகிலேயே நாற்காலி போட்டு உட்காரவைக்கும்படி கேளுங்கள்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிறந்து ஏழு நாளான ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை. அந்தத் தாய்க்கும் ஓ வகை ரத்தம்தான். மூன்று நாட்களாகக் காலை வெயிலில் காட்டியிருக்கிறார்கள். பாட்டி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "சமத்துப் பிள்ளை டாக்டர், அழவே மாட்டான், பாலுக்குக்கூட எழுப்பவேண்டியதில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறான்." உள்ளங்கால் வரை மஞ்சளாக இருந்தது. பிலிருபின் 34. அன்றிரவே ரத்தம் மாற்றினோம். தொப்புள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் ரத்தத்தை எடுத்து அதே அளவு புது ரத்தம் ஏற்றுவது; உடம்பில் உள்ள ரத்தத்தைப்போல் இரண்டு மடங்கு செலுத்துவோம். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஐந்து மாதத்தில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கை கால்கள் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தன. பிலிருபின் மூளைக்குள் புகுந்தால் குறிவைப்பது கேட்கும் நரம்பையும், அசைவை ஒழுங்குபடுத்தும் இடத்தையும்தான். அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. பிறந்த குழந்தை தூங்கினால் நல்லது என்றுதான் நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்திருக்கிறோம்.

அம்மா, இந்தக் கடிதத்தில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறந்த குழந்தையின் நோய் சத்தம் போட்டுக்கொண்டு வராது. நமக்குக் காய்ச்சல் வந்தால் அனத்துகிறோம், வலித்தால் கத்துகிறோம். முதல் 28 நாள் குழந்தைக்கு மஞ்சள் ஏறினாலும், கிருமி ரத்தத்தில் கலந்தாலும், சர்க்கரை குறைந்தாலும், தைராய்டு சுரக்காவிட்டாலும் முதலில் தெரிவது ஒன்றேதான்: பால் குடிப்பது குறையும், குழந்தை அமைதியாகிவிடும். நேற்று வெடுக்கென்று உறிஞ்சிய குழந்தை இன்று நான்கு முறை சப்பிவிட்டு உறங்கினால் அது சமத்து இல்லை. எழுப்பிப் பாருங்கள், உள்ளங்காலைச் சுண்டிப் பாருங்கள், கன்னத்தில் ஈரத் துணியால் தொடுங்கள். அப்போதும் துவண்டு கிடந்தால் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மஞ்சளைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகலில் ஜன்னலருகே, மஞ்சள் நிறத் துணி எதுவும் சுற்றாமல், குழந்தையின் நெற்றியை, பிறகு நெஞ்சை, பிறகு முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் ஒரு கணம் வெளுக்கும். அந்த வெளுப்பில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். நம் மாநிறத்துக் குழந்தைகளிடம் வெறுமனே பார்த்தால் தெரியாது. மஞ்சள் முகத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அது அவசரம். இந்தக் கைப்பார்வை மருத்துவமனைக்குப் போகத் தூண்டுவதற்கு மட்டும்தான். "இவ்வளவுதான் இருக்கும்" என்று முடிவு செய்ய அது உதவாது. அனுபவமுள்ள மருத்துவர்களின் கண்ணே ஏமாறும். உங்கள் மகள் வீடு திரும்பிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ குழந்தையை ஒருமுறை காட்டிவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தால், குழந்தையைத் துணி விலக்கிக் காட்டுங்கள். தூங்குகிறான் என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

மஞ்சளைக் குறைக்க வீட்டில் உங்களால் முடிந்த நல்ல மருந்து தாய்ப்பால்தான். பிறந்த குழந்தையின் முதல் கறுப்பு மலத்தில் பிலிருபின் நிறைய இருக்கிறது. அது குடலில் தங்கினால் திரும்பவும் ரத்தத்துக்கே போகும். சீம்பால் அதை இளக்கி வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். நான்கைந்து நாளில் மலம் கறுப்பிலிருந்து பச்சைக்கும், பிறகு மஞ்சளுக்கும் மாற வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் பால் போதவில்லை என்று பொருள். கழுதைப்பால் வேண்டாம். தெருவில் கறந்து சங்கில் ஊற்றும் அந்தப் பாலால் மஞ்சள் குறைவதில்லை. கிருமிதான் உள்ளே போகும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எல்லாமே அப்படித்தான். அந்தச் சிறிய வயிற்றில் தாய்ப்பால் இருக்க வேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றன. பெரியவர் ஒருவர் கையால் சேனை வைக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், அவர் மடியில் குழந்தையை வைத்து வாழ்த்துச் சொல்லட்டும்.

ஜோசியர் குறித்த நாளைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன். மற்றவற்றையெல்லாம் நாம் கவனித்துக்கொள்ளலாம். இது ஒன்றுதான் முழுக்க முழுக்க உங்கள் குடும்பத்தின் கையில் இருக்கிறது. 37 வாரக் குழந்தை எடையில் நிறைமாதக் குழந்தைபோலவே தெரியும். ஆனால் அதன் கல்லீரல் இன்னும் இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது. உறிஞ்சிக் குடிக்கும் தெம்பும் குறைவு. மஞ்சள் கூடுதலாக ஏறும். பிரசவ வலி வராமல் 37 வாரத்தில் சிசேரியன் செய்து எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வருவது, 39 வாரத்தில் எடுக்கும் குழந்தைகளைவிட அதிகம். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாதவரை 39 வாரம் ஆகட்டும். சர்க்கரையின் அளவையும் பழைய தையலையும் பார்த்து மகப்பேறு மருத்துவர் சொல்லும் நாளே நாள். அந்த வாரத்துக்குள் ஜோசியர் ஒரு நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தால் எனக்கு மறுப்பே இல்லை.

சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்கு வெளியே வந்த முதல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் முதல் பால், பிறகு குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்ப்பது. இவை இரண்டும் நடந்தால் போதும். இக்குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் கூடுதலாக இருப்பதும் மஞ்சளுக்கு ஒரு காரணம்.

வேறு என்ன நோய்கள் என்று கேட்டீர்கள். பட்டியல் போட்டால் நீளும். பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. கிருமித் தொற்றைத்தான் முதலில் சொல்வேன். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, நீர் நாற்றமடித்தாலோ, குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ அந்த அபாயம் அதிகம். ஒரு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளிழுத்தல், உடம்பு சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், வலிப்பு, பால் மறுத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் இந்தச் சிகிச்சை இலவசம். தொப்புளில் சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து தானே விழட்டும். குளிக்க வைக்கும்போது மூக்கில் ஊதுவதும் காதில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். சாம்பிராணிப் புகை அந்தப் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

சொந்தத்தில் கொடுத்ததைப் பற்றி. பிறவிக் குறைபாடுகள் எந்தக் குடும்பத்திலும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வரும். அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நன்றாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் செய்ய வேண்டியது இரண்டு. ஐந்து மாத ஸ்கேனை ஒழுங்காக எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குழந்தை பிறந்த மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறை நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது, சொந்தத்தில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து ஒரு சிறு மாத்திரையை நாள்தோறும் கொடுத்தால் அறிவு வளர்ச்சி இயல்பாக இருக்கும். கண்டுபிடிக்காவிட்டால் போனது திரும்பாது. இந்தக் குழந்தைகளும் அழாத, தூங்கிக்கொண்டே இருக்கும் 'சமத்து'ப் பிள்ளைகள்தான். மஞ்சளும் வாரக்கணக்கில் இறங்காது.

அதனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்தால் திரும்பக் காட்டுங்கள். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். பித்தக் குழாய் அடைபட்ட குழந்தைகள் அப்படி வருவார்கள். ஜப்பானின் மோரியோ கசாய் உருவாக்கிய அறுவைச் சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். மூன்று மாதம் கழித்து, "மஞ்சள் தானாகப் போகும் என்றார்கள்" என்று வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு வார்த்தை கிடைப்பதில்லை.

கடைசியாக அந்த டிரங்குப் பெட்டி. பேரனின் துணிகளை இத்தனை அன்போடு எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லியாக வேண்டும். பாச்சை உருண்டை, அந்துருண்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் சிலர் உண்டு. தாய் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம் காண்போம். சாதாரணமாக அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. நாப்தலீன் ஏறிய துணியில் சுற்றினால் அந்த வாசனை மூச்சிலும் தோலிலும் உள்ளே போய், ஒரே நாளில் சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து மஞ்சள் தலைக்கேறும். உங்கள் முதல் பேரனுக்கு ஓ, பி பொருத்தமின்மைதான் காரணமா, இதுவும் சேர்ந்திருந்ததா என்று டிஸ்சார்ஜ் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. அவனுக்கு ஜி6பிடி பார்க்கவில்லை என்றால் இப்போது பார்த்துவிடலாம். ஒரு சிறு ரத்தப் பரிசோதனைதான். அதுவரை அந்தத் துணிகள் வேண்டாம். பெட்டியைக் காலி செய்து, துணிகளைச் சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை அலசி, நாள் கணக்கில் வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். முகர்ந்தால் துளி வாசனைகூட இருக்கக் கூடாது. இருந்தால் முதல் மாதம் முழுவதும் உங்கள் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் துவைத்துச் சுற்றுங்கள். குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கிடையாது.

நாத்தனார் வீட்டு ரத்த வகைகளையும், டிஸ்சார்ஜ் தாளில் உள்ள எண்களையும் எழுதி அனுப்புங்கள். மகள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே பதில் எழுதுகிறேன்.